கவுஞ்சிக்கு மலையேறிய மொட்டைக் கிழங்கு

போன மாதம் கூக்கால் ஏரி பற்றி எழுதிய பதிவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஐயா, கவுஞ்சிக்குப் போகணும். ரோடு எப்படி? தங்க இடம் இருக்கா? அங்க பார்க்க என்ன இருக்கு?" முதல் இரண்டுக்கும் பதில் கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே கீழே போய்விடலாம். மூன்றாவது கேள்விதான் என்னைச் சீண்டிவிட்டது. பார்க்க என்ன இருக்காம்! அருவி இல்லை, போட்டிங் இல்லை, ஹோம்மேடு சாக்லேட் இல்லை. அடுக்கடுக்காகக் காட்டுத்துண்டுகள், அதில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. அந்த உருளைக்கிழங்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் முதன்முதலில் கவுஞ்சிக்குப் போனது அறுபத்து நாலிலோ அஞ்சிலோ. வருடம் குழம்புகிறது, மாதம் குழம்பவில்லை. பங்குனி. உத்திரத்துக்குப் பழனியில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த வாரம் அது. எனக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்து ஆயக்குடி. வீட்டில் கொய்யாத் தோப்பு. வேலை, திண்டுக்கல்லில் ஒரு சங்கத்தின் கிளையில்.

சங்கம் என்றதும் கொடி, கோஷம் என்று நினைக்க வேண்டாம். பழமும் காய்கறியும் விளைவிக்கிறவர்கள் நாடு முழுவதும் சேர்ந்து நடத்திய சங்கம் அது. தலைமை டெல்லியில். எங்கள் கிளை என்பது ஒரு அறை, ஒரு மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் நான். சங்கம் என்ன செய்தது என்று கேட்டால், தனி ஆளாக ஒரு விவசாயி செய்ய முடியாததைச் செய்தது. ரயிலில் வேகன் கேட்டு வாங்கித் தரும். பயிர் நோய்க்கு மயில்துத்தம் தெளிக்கப் பம்பு அனுப்பும். வடக்கே சிம்லா மலையில் நோயில்லாமல் வளர்த்த விதைக்கிழங்கை மூட்டை கட்டி, ஈயத்தில் முத்திரை குத்தி, தெற்கே மலைக்காரர்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். விளைந்ததும் தேறினால் விதையாக அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதம் ஒரு பத்திரிகையும் வரும், இங்கிலீஷில். அதை எங்கள் உறுப்பினர்கள் பூண்டு மடிக்க வைத்துக்கொண்டார்கள்.

கவுஞ்சியில் அதற்கு முந்தைய போகத்தில் கருகல் நோய் வந்து கிழங்குச் செடியெல்லாம் ஒரே வாரத்தில் கரிந்துவிட்டது. அங்கே பதினோரு குடும்பம் சங்கத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். சங்கம் ஒரு நிபந்தனை போட்டது. பழைய விதையை ஒன்றுகூட நிலத்தில் போடக் கூடாது, போட்டால் புது விதையிலும் நோய் ஏறிவிடும். நியாயமான நிபந்தனைதான். அவர்களும் வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த விதைக்கிழங்கையெல்லாம் கோடைக்கானல் பஜாரில் தின்கிற கிழங்காகப் போட்டுவிட்டு, உழுத நிலத்தோடு காத்திருந்தார்கள். ஆகவே நான் கொண்டுபோக வேண்டிய அறுபது மூட்டைதான் அந்தப் பதினோரு வீட்டுக்கும் அந்த வருஷத்து வெள்ளாமை. அது போனால் மாற்று கிடையாது. சிம்லாவிலிருந்து மறுபடி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பட்டம் தப்பிவிடும்.

பழனியில் ரயில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, உள்ளே தள்ளப்பட்டேன். பெட்டி முழுக்க மொட்டை. சந்தனம் பூசின மொட்டை, பூசாத மொட்டை, மடியில் தூங்குகிற கைக்குழந்தை மொட்டை. திண்டுக்கல்லில் மாறி கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கியபோது என் மூட்டைகள் கூட்ஸ் ஷெட்டில் பத்திரமாக இருந்தன. சாக்கின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு கிழங்கிலும் சுண்டுவிரல் நகம் நீளத்துக்குக் குண்டாக, ஊதா நிறத்தில் ஒரு முளை. நட்டால் வாரத்தில் மேலே வந்துவிடும் பக்குவம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கொடைரோட்டிலிருந்து கோடைக்கானல் ஐம்பது மைல், இப்போதைய கணக்கில் எண்பது கிலோமீட்டர். பஸ்ஸில் அப்போது மூன்று ரூபாய்க்குள் போய்விடலாம். நான் லாரியில் மூட்டையோடு போனேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க சிரிக்கிறீங்க?"

"இல்ல சார், பதினஞ்சு வருசமா இந்த ரோட்டுல ஓட்டுறேன். கெழங்க ஏத்திக்கிட்டு எறங்கித்தான் பழக்கம். கெழங்கோட மலையேர்றது இதான் மொதத் தடவ. மதுரைக்கு மல்லிகைப்பூ கொண்டுபோற கதையால்ல இருக்கு!"

பெருமாள்மலையில் டீ, பத்து பைசா. வெள்ளி அருவியில் லாரிக்குத் தண்ணீர். (இன்றைக்கு அங்கே நிறுத்தினால் செல்ஃபி கூட்டத்தில் கால்மணி நேரம் போய்விடும். குரங்கு வேறு.) கோடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. பஜாரில் இறங்கியதுமே செய்தி தயாராக இருந்தது. முந்தின நாள் கோடைமழை கொட்டித் தீர்த்ததில் பூம்பாறை ரோட்டில் ஒரு பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. லாரி போகாது, ஜீப்பும் போகாது. ஆளும் குதிரையும் ஓடையில் இறங்கி ஏறலாம்.

இந்த இடத்தில்தான் இஸ்மாயில் ராவுத்தர் வருகிறார். பஜாரில் கிழங்கு மண்டி வைத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, குளிருக்கு மஃப்ளர். கவுஞ்சிக்காரர்கள் தலைமுறையாகச் சரக்குப் போடுவது அவர் மண்டியில்தான். அவர்கள் தின்கிற கிழங்காகப் போட்ட பழைய விதையை வாங்கியதும் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"கவுஞ்சி வெதையா? அப்ப இது என் வீட்டுச் சரக்கு தம்பி. மண்டியில எறக்குங்க. ஒரு சொட்டு மழ படாது. நீங்க போய் அவங்க குதிரையக் கூட்டிக்கிட்டு வெரசா வாங்க."

அறுபது மூட்டையும் உள்ளே ஏறியது. சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். கூட வந்தவர் சூசை, மட்டக்குதிரை வைத்துச் சுமை கூலி அடிக்கிறவர். மனிதர்களிடம் பேசியதைவிடக் குதிரையிடம்தான் அதிகம் பேசுவார். கோடைக்கானலிலிருந்து பூம்பாறை பதினொரு மைல். பாதி வழி சோலைக்காடு, பாதி வழி சவுக்கு. பாலம் போன இடத்தில் முழங்கால் வரை தண்ணீர், ஐஸ் மாதிரி. கால் மரத்து அக்கரை ஏறியதும் சூசை என்னைப் பார்த்து, "சங்கத்துல இதுக்கு படி உண்டா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "குதிரைக்காச்சும் கேட்டுப் பாருங்க," என்றார். பூம்பாறையில் இரவு தங்கல். காலையில் குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி நடை. மன்னவனூர்ப் புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளியது. பூம்பாறையிலிருந்து கவுஞ்சி சுமார் பதினான்கு மைல். பொழுது சாய ஊர் போய்ச் சேர்ந்தோம்.

சங்கத்தில் சேர்ந்த பதினோரு பேருக்கும் முன்னே நின்றவர் குழந்தைவேலு. நாற்பது வயது, குறைவாகப் பேசுகிற ஆள். அவர் மனைவி வீராயி அந்தக் குறையை நிறைவு செய்வார்.

"வாங்க தம்பி. ஆளு வந்துருச்சு, கெழங்கு எங்க?" என்பதுதான் வரவேற்பு.

பாலம் போன கதையைச் சொன்னேன். விதை ராவுத்தர் மண்டியில் இருக்கிறது என்றதும் வீராயி முகம் தெளிந்தது. "ராவுத்தர் கையில இருந்தா நம்ம வீட்டுல இருந்த மாதிரி," என்றார். அடுத்த நாள் ஊர்க்குதிரை முப்பதையும் திரட்டிக்கொண்டு குழந்தைவேலுவும் பத்துப் பேரும் என்னோடு கிளம்பினார்கள். முப்பது குதிரை, இரண்டு நடை. கணக்குச் சரியாக இருந்தது. வழியெல்லாம் ஒரே பாட்டும் கேலியும்தான்.

கோடைக்கானல் பஜாருக்குள் குதிரைகள் நுழைந்ததும் ராவுத்தர் வாசலுக்கே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிள்ளைக்குக் கல்யாணம் பேசி முடித்தவர் மாதிரி நின்றார்.

"வாங்க வாங்க! கொழந்தவேலு, உள்ள வந்து பாருங்க. உங்க வெதைய எப்படி வச்சிருக்கேன்னு பாருங்க!"

பார்த்தோம். அறுபது மூட்டையும் பிரித்து, கிழங்கெல்லாம் தரையில் சாக்கு விரித்துப் பரப்பியிருந்தது. ஈய முத்திரைகள் ஒரு டால்டா டப்பாவில் கிடந்தன. கிழங்குகள் பளபளவென்று இருந்தன. ஒன்றில்கூட முளை இல்லை. ஊதா நிறத்தில் நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட அத்தனை முளையையும் மண்டி வேலைக்காரப் பெண்கள் பத்துப் பேர் மூன்று நாள் உட்கார்ந்து சாக்குத் துண்டால் தேய்த்து எடுத்திருந்தார்கள். பழனி ரயிலில் பார்த்த மொட்டைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. சந்தனம் பூசாததுதான் பாக்கி.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க ராவுத்தரய்யா!" என்று கத்தினேன். பஜாரே திரும்பிப் பார்த்தது.

அவருக்குப் புரியவே இல்லை. "ஏன் தம்பி? வழியில வெக்க பட்டு அம்புட்டும் மொளச்சுக் கெடந்துச்சு. கெட்டுப்போன சரக்க எங்க ஆளுகளுக்கு எப்படிக் குடுப்பேன்? அதான் சுத்தம் பண்ணி வச்சேன்."

மண்டிக்காரருக்கு முளை என்றால் எதிரி. முளைத்த கிழங்கு விலை போகாது, அடுத்து சுருங்கும், அதற்கடுத்து அழுகும். முப்பது வருஷமாக அவர் கண்ணில் பட்ட கிழங்கெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்த கிழங்கு, சட்டிக்குப் போகிற கிழங்கு. நிலத்துக்குப் போகிற கிழங்கை அவர் பார்த்ததே இல்லை. முளை மண்ணுக்குள் போன பிறகு வர வேண்டியது, சாக்குக்குள்ளேயே வந்துவிட்டால் அதன் சத்து தீர்ந்தது என்று அவராக முடிவு கட்டிவிட்டார். மனசறிந்து ஒரு துரும்பளவு கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் செய்தது.

குழந்தைவேலு குனிந்து ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க பழைய வெதையையும் இங்கதான் போட்டோம். சங்கத்து வெதைக்கும் இங்கதான் மொட்ட விழுந்திருக்கு. நமக்கு வேற கடையே கெடையாது போல ராவுத்தரே."

அப்போதுதான் ராவுத்தருக்கு விஷயம் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "மொளைக்காதா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுபடி முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம், வந்தாலும் எத்தனை தெம்பாக வரும் என்று சொல்ல முடியாது. முத்திரை உடைந்துவிட்டதால் விளைச்சலைச் சங்கம் விதையாக எடுத்துக்கொள்ளுமா என்பதும் சந்தேகம். வேண்டாம் என்றால் அத்தனையையும் நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், டெல்லிக்குத் தந்தி அடிக்கிறேன் என்றேன்.

"தந்தி அடிச்சா தந்திதான் வரும், வெத வருமா?" என்றார் குழந்தைவேலு. எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஏலே சூசை, குதிரையக் கொண்டாலே. ஏத்து."

மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே ராவுத்தர் மச்சானைக் கூப்பிட்டு மண்டிச் சாவியைக் கையில் கொடுத்தார். உள்ளே போய் ஒரு கம்பளியும் பாயும் எடுத்துக்கொண்டு வந்து, "நானும் வாறேன்," என்றார். குழந்தைவேலு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். "மொளச்சத என் கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நீங்க உங்க சோலியப் பாருங்க, நான் பின்னாடி நடந்து வாறேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த நடையை மறக்க முடியாது. பஜாரில் நாலு கடை தள்ளிப் போவதற்கே மூச்சு வாங்குகிற மனிதர். ஓடையில் செருப்பு போய்விட்டது. பூம்பாறைக்கு முன்னால் கால் வீங்கிவிட்டது. சூசை தன் குதிரையில் ஏறச் சொன்னார். அதன் மேல் ஏற்கெனவே கிழங்கு இருந்தது. "அத எறக்கிட்டு நான் ஏறுறதா? அது போகணும் மொதல்ல," என்று மறுத்துவிட்டார். அதுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் வந்த கவுஞ்சிக்காரர்களில் ஒருவர் தன் கைக்கம்பை அவரிடம் நீட்டினார். மன்னவனூர் மேட்டில் நின்று எதிரே தெரிந்த அடுக்கு நிலங்களைப் பார்த்து, "இங்கேர்ந்தா எனக்குக் கெழங்கு வருது? இம்புட்டுத் தூரத்துலேர்ந்தா?" என்று கேட்டார்.

கவுஞ்சியில் வீராயி முதல் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். எல்லாரும் அந்த வாய் திறப்பதற்காகக் காத்திருந்தோம். திட்டு விழும் என்று ராவுத்தர் தலையைக் குனிந்து நின்றார். வீராயி திட்டவில்லை. வீட்டுக்குள்ளே பார்த்து, "பூண்ட எறக்குங்க," என்றார்.

மலைப்பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டி, புகையில் பழுக்க வைப்பார்கள். அப்போதுதான் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். ஊரில் சூடு தங்குகிற இடம் அது ஒன்றுதான். பங்குனியிலும் அங்கே ராத்திரி பல் கிட்டும். கிழங்கின் முளைக்கண் மறுபடி திறக்க வேண்டுமானால் சூடு வேண்டும். பூண்டை இறக்கினால் பூண்டு பூஞ்சணம் பூத்துப்போகும். பதினோரு வீட்டிலும் பூண்டு இறங்கியது, கிழங்கு ஏறியது. யாரும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும், காத்திருந்தோம். இரண்டாம் நடை மூட்டைகளும் வந்து சேர்ந்தன. ராவுத்தர் காலையில் எழுந்து வாய்க்கால் ஓரம் பாய் விரித்துத் தொழுதுவிட்டு வீடு வீடாகப் போவார். ஏணியில் ஏறி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் கண்ணைப் பார்ப்பார். புகையில் இருமி இருமி இறங்குவார். கவுஞ்சிப் பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்ன ராவுத்தரே, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாக்குறீங்க? அதுக்கு வெக்கம் வராதா? அதான் கண்ணத் தொறக்க மாட்டேங்குது," என்பார் வீராயி.

சாப்பாட்டிலும் விடவில்லை. "எனக்குக் கறி வேணாம்மா, கெழங்கு போதும்," என்று ராவுத்தர் சொன்ன முதல் நாளே, "கெழங்கா? இருக்கறதெல்லாம் பரண்ல உங்க புண்ணியத்துல தவம் கெடக்கு. உங்களுக்கு அவரைதான்," என்று பதில் வந்தது. பத்து நாளும் அவரை. அவரைக் குழம்பு, அவரைப் பொரியல், அவரை அவியல். ராவுத்தர் சிரித்தபடியே சாப்பிட்டார். ராத்திரி பாயில் உட்கார்ந்து விரலை மடித்து நாள் எண்ணிக்கொண்டிருப்பார். எனக்கும் தூக்கம் இல்லை. பதினோரு குடும்பம் சங்கத்தின் பேச்சை நம்பித்தான் பழைய விதையை விட்டது. முளைக்கவில்லையென்றால் இந்த ஊரில் யார் முகத்தில் முழிப்பது என்று பயந்துகொண்டே கிடந்தேன்.

ஒருநாள் காலையில் குழந்தைவேலு வீட்டுப் பரணிலிருந்து, "அம்மா! வீராயிம்மா!" என்று ஒரு சத்தம். ராவுத்தர் ஏணியில் பாதியில் நின்றுகொண்டு கையை நீட்டினார். கிழங்கின் கண்களில் கடுகு அளவு ஊதா. ஒரு கண்ணில் அல்ல, மூன்று நாலு கண்களில். அடுத்த கிழங்கிலும் அப்படியே. முன்னே ஒன்றுக்கு ஒரு முளைதான் இருந்தது. வீராயி வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று மதியம் ராவுத்தர் இலையில் உருளைக்கிழங்கு விழுந்தது. எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

சித்திரை பிறந்த வாரத்தில் நட்டார்கள். செடி பூத்த சமயத்தில் சங்கத்தின் பரிசோதகர் சிம்லாவிலிருந்து வந்தார். உயரமான மனிதர், அந்தக் குளிரிலும் கோட்டுப் பொத்தானைப் போடாதவர். முத்திரை கதையை ஒளிக்காமல் சொன்னேன். வரப்பு வரப்பாக நடந்து பார்த்துவிட்டு, முத்திரை போனது போனதுதான், செடியில் நோயில்லை என்று நானே பார்த்துவிட்டேன், அதை எழுதுகிறேன் என்றார். பாதி பாரம் இறங்கியது.

மீதி பாரம் ஆடி மாதம் வெட்டும்போது வந்தது. பரிசோதகர் மறுபடி வந்திருந்தார். ராவுத்தரும் மறுபடி மேலே வந்திருந்தார், இந்த முறை ஓடையில் கல் நிரப்பிப் பாதை போட்டிருந்ததால் பூம்பாறை வரை ஜீப்பில். முதல் செடியைப் பிடுங்கியதும் எல்லார் முகமும் விழுந்துவிட்டது. கிழங்கு நிறைய இருந்தது, ஆனால் எல்லாம் பொடி. கோழிமுட்டையைத் தாண்டவில்லை. அடுத்த செடியும் அப்படி. மண்டியில் அந்த அளவை ஒரு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள் என்று ராவுத்தருக்குத் தெரியாதா? வரப்பில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். குழந்தைவேலு மண்வெட்டியைக் கீழே போட்டார்.

பரிசோதகர் மட்டும் ஒரு கை நிறைய அள்ளிப் பார்த்தார். "இந்த அளவு வேண்டும் என்றுதான் எல்லா ஊரிலும் தலைபாடாக அடித்துக்கொள்கிறோம்," என்றார் இங்கிலீஷில். விதைக்கு வேண்டியது கோழிமுட்டை அளவுதான். பெரிய கிழங்கை வெட்டி நட வேண்டும், வெட்டினால் அழுகும். முதல் முளையைக் கிள்ளிவிட்டால் மற்றக் கண்களெல்லாம் முளைக்கும், தண்டு கூடும், கிழங்கு எண்ணிக்கை கூடும், உருவம் சிறுத்து வரும். "முளையைக் கிள்ளச் சொன்னது யார்? உங்கள் யோசனையா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் எல்லாத் தலையும் வரப்புப் பக்கம் திரும்பியது. ராவுத்தர் எழுந்து சூசையின் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் விதையாகவே போனது.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். கோடைக்கானலுக்கு இப்போது இ-பாஸ் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கோடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகக் கவுஞ்சி நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பனி இறங்கினால் இன்னும் கூடும். பஸ் உண்டு, ஆனால் குறைவு. நேரத்தை நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இணையத்தில் இருப்பதை நம்பி நிற்காதீர்கள். பெட்ரோல் கோடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தங்குவதற்கு மன்னவனூரில் பாருங்கள், கம்பளி உங்களுடையதாக இருக்கட்டும். போட்டோவுக்காக அடுக்கு நிலத்துக்குள் இறங்காதீர்கள். வரப்பு சரிந்தால் உங்களுக்கு ஒரு படம், அவர்களுக்கு ஒரு மாத வேலை. பூண்டு வாங்கினால் புகை வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்த்து வாங்குங்கள்.

அடுத்த வருஷமும் பங்குனியில் சங்கத்து விதை வந்தது. பாலம் கட்டியாகிவிட்டது. லாரி நேரே பூம்பாறை போய்விடலாம், ராவுத்தர் மண்டியில் நிற்க ஒரு காரணமும் இல்லை. லாரி பஜாருக்குள் நுழைந்தபோது நடுரோட்டில் குழந்தைவேலுவும் வீராயியும் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். கூடவே ஊர்க்காரர்கள் பத்துப் பேர்.

"நிப்பாட்டுங்க. ராவுத்தர் மண்டியில எறக்குங்க. மொட்ட போட்டுட்டுத்தான் மலையேறணும்," என்றார் வீராயி.

ராவுத்தர் வெளியே வந்தார். மூட்டையைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. நான் தொட மாட்டேன். போன தடவை பட்டது போதும்."

வீராயி சங்கத்து ஆளான என் கண் முன்னாலேயே ஒரு மூட்டையின் முத்திரையைத் தன் கையால் அறுத்தார். உள்ளே கைவிட்டு, குண்டாக முளை விட்ட ஒரு கிழங்கை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "மொதக் கெழங்கு உங்க கையாலதான். இல்லைன்னா இந்த மூட்டை இங்கேர்ந்து நகராது. நாங்களும் நகர மாட்டோம்."

பஜார் ரோட்டில் லாரிக்குப் பின்னால் இரண்டு கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கிழங்கை வாங்கினார். "பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டு, கட்டை விரலால் அந்த முளையைத் தள்ளினார்.